எழும்பூர் மியூசியத்துக்கு வாண்டுகளோட போறீங்களா? மூணு பொருள் போதும், முழுசும் வேணாம்

முதல் தடவை என் பொண்ணை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப அவளுக்கு அஞ்சு வயசு. டிக்கெட் எடுத்தாச்சே, ஒரு ரூம் கூட விடக்கூடாதுன்னு நான் அவ கையைப் புடிச்சு இழுத்துட்டே போறேன், ஒவ்வொரு போர்டையும் சத்தமா படிச்சுக் காட்டுறேன், "இது பாத்தியா, இது பல்லவர் காலம், இது சோழர் காலம்"னு. ரெண்டரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் அவ என் இடுப்புல. வீட்டுக்கு வந்ததும் தாத்தா ஆசையா "என்னடா கண்ணு பாத்தே?"ன்னு கேட்டாரு. "ஒரு அணில் பன்னு தின்னுச்சு தாத்தா"ன்னா. அவ்ளோதான். அந்த அணில் கேலரிக்குள்ள கூட இல்ல, வெளியில மரத்தடியில.

அதுக்கப்புறம் பல தடவை போயாச்சு, இப்போ ரெண்டாவது பையனும் சேந்துட்டான், அவனுக்கு நாலு. நான் பண்ண கூத்தை நீங்களும் பண்ண வேணாம்னுதான் இதை எழுதறேன். சென்னையில இருக்கறவங்களுக்கு நேரா உதவும், மத்த ஊர்க்காரங்க உங்க ஊர் மியூசியத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

மொதல்ல: எதைப் பாக்கறதுன்னு வீட்லயே முடிவு பண்ணிடுங்க

எழும்பூர் மியூசியம்னா ஒரு கட்டடம் இல்ல, ஆறு கட்டடம், 46 கேலரி, பதினாறு ஏக்கருக்கு மேல வளாகம். பெரியவங்களாலயே ஒரே நாள்ல பாத்து முடிக்க முடியாது, முடிச்சாலும் மனசுல நிக்காது. அதனால மூணு பொருள். மூணு கேலரி இல்லீங்க, மூணு பொருள். நாலு வயசுக்குக் கீழன்னா ரெண்டு போதும். போற வழியில குழந்தை வேற எதையாவது பாத்து நின்னுச்சுன்னா நல்லது, நில்லுங்க, உங்க லிஸ்ட்ல இருந்து ஒண்ணைக் கழிச்சுடுங்க.

நேரமும் அப்படித்தான். என் அனுபவத்துல மூணு நாலு வயசுக்கு முக்கால் மணி நேரம், அஞ்சுல இருந்து ஏழு எட்டு வரைக்கும் ஒன்றரை மணி நேரம், அதுக்கு மேல நீங்க இழுத்தா அது உங்களுக்காகத்தான், அவங்களுக்காக இல்ல. "இவ்ளோ தூரம் வந்துட்டு முக்கால் மணி நேரமா?"ன்னு என் வீட்டுக்காரர் இன்னும் கேக்கறாரு. டிக்கெட் காசு பெருசில்ல, எழும்பூர் ஸ்டேஷனும் மெட்ரோவும் பக்கம், இன்னொரு நாள் வந்தா போச்சு.

எந்த நாள், எத்தனை மணி

வெள்ளிக்கிழமை லீவு. இதைப் பெருசா எழுதி ஒட்டிக்குங்க, ஏன்னா வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு விட்டா "சரி மியூசியம் போலாம்"னு தோணும், பாந்தியன் ரோட்ல போய் இறங்கி பூட்டின கேட்டைப் பாத்துட்டு திரும்பி வரணும், நான் வந்திருக்கேன். தேசிய விடுமுறை நாள்லயும் மூடிடுவாங்க. காலையில 9.30க்குத் திறக்கறாங்க, திறந்த உடனே போயிடுங்க. அப்போ கூட்டம் இல்ல, வெயில் இல்ல, குழந்தை வயித்துல இட்லி இருக்கும், மூடு நல்லா இருக்கும். பதினோரு மணிக்கு மேல ஸ்கூல் பஸ்ஸுங்க வர ஆரம்பிச்சா உங்க பையன் கண்ணாடிப் பெட்டியைப் பாக்க மாட்டான், அண்ணன்மாரைத்தான் பாப்பான். ஏதாவது ஒரு கேலரி பராமரிப்புன்னு மூடியிருக்க வாய்ப்பு உண்டு, அதனால டிக்கெட் எடுக்கும்போதே "இன்னிக்கு எதெல்லாம் திறந்திருக்கு?"ன்னு கேட்டுக்குங்க.

காணும் பொங்கலுக்கு மட்டும் சின்னப் பசங்களோட வேணாம். பழைய மெட்ராஸ்காரங்களுக்கு அந்த நாள்ல "செத்த காலேஜ்", "உயிர் காலேஜ்" ரெண்டையும் பாத்தே ஆகணும். செத்த காலேஜ்னா இந்த மியூசியம், உயிர் காலேஜ்னா மிருகக்காட்சி சாலை. 1851ல இந்த மியூசியம் ஆரம்பிச்சது கல்லூரிச் சாலையில இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்துல, அதான் அந்த "காலேஜ்" ஒட்டிக்கிச்சுன்னு சொல்வாங்க. சில வருஷத்துலயே இப்போ இருக்கற எழும்பூர் இடத்துக்கு வந்துடுச்சு. அப்போ மியூசியத்தைப் பாத்துக்கிட்ட எட்வர்ட் பால்ஃபர்ங்கற டாக்டர், 1855ல இங்கயே உயிரோட மிருகங்களை வெச்சிருந்தாரு, அதைப் பாக்க ஜனம் அலைமோதிச்சு, அதுதான் அப்புறம் சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் போயி, 1985ல வண்டலூர் போச்சு. இந்தக் கதையை என் பையன்கிட்ட மெட்ரோவுல சொன்னேன், "அப்போ புலி இங்கதான் இருந்துச்சா? எந்த மரத்துக்கிட்ட?"ன்னு வளாகம் பூரா தேடிட்டு வந்தான். அன்னிக்கு எங்க முதல் பொருளே அந்தத் தேடல்தான்.

முந்தின நாள் ராத்திரி

பெருசா ஒண்ணும் வேணாம். நாளைக்குப் பாக்கப் போற ஒரே ஒரு பொருளை அறிமுகப்படுத்துங்க, படம் காட்டாம. நடராஜரைப் பாக்கப் போறீங்கன்னா சாப்பாட்டுக்கு அப்புறம் ஹால்ல எல்லாரும் ஒத்தைக் கால்ல நில்லுங்க. இடது காலைத் தூக்கி, குறுக்கால வலது பக்கம் கொண்டு போங்க. எத்தனை செகண்ட் நிக்க முடியுதுன்னு எண்ணுங்க. எங்க வீட்ல அதிகபட்சம் பதினொண்ணு, அத்தை சோஃபாவைப் புடிச்சிட்டு நின்னதால அவங்க கணக்கு செல்லாது. அடுத்த நாள் சிலைக்கு முன்னாடி போனதும் பொண்ணு மெதுவா கேட்டா, "ம்மா, இவரு எவ்ளோ நேரமா நிக்கறாரு?" ஆயிரம் வருஷமா நிக்கறாரு கண்ணு.

பையில: பென்சில் ரெண்டு (பேனாவும் ஸ்கெட்ச்சும் வேணாம், கறை ஆயிடுச்சுன்னா வம்பு), கோடு போடாத சின்ன நோட்டு, தண்ணி, வெளியில உக்காந்து சாப்பிட ஏதாவது. அப்புறம் ஒரு பழைய சார்ட் பேப்பர். அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டா பைனாகுலர். இது சும்மா விளையாட்டுன்னு நினைக்காதீங்க, ஒரு சிலையில ஆயிரம் விஷயம் இருக்கும்போது குழந்தைக்கு எங்க பாக்கறதுன்னே தெரியாது, அந்தக் குழல் வழியா பாத்தா ஒரு காது மட்டும் தெரியும், ஒரு விரல் மட்டும் தெரியும், அப்போதான் அது கண்ணுல படும்.

"தொடாதே"ங்கறதை வீட்லயே முடிச்சிடுங்க

அங்க போய் பத்து தடவை "தொடாதே தொடாதே"ன்னு கத்தினா உங்களுக்கும் தொண்டை வலி, மத்தவங்களுக்கும் தலைவலி. நான் பண்ணது இது. புளி போட்டுத் தேய்ச்சு வெச்ச பித்தளை விளக்குல ஒரு பக்கம் பசங்களை நல்லா விரலை அழுத்தி வைக்கச் சொன்னேன், இன்னொரு பக்கத்தை யாரும் தொடல. சில நாள் கழிச்சுப் பாத்தா விரல் பட்ட இடத்துல மட்டும் மங்கலா கறை. "உன் ஒரு விரலுக்கே இப்படி, தினம் ஆயிரம் பேர் தொட்டா?"ன்னு கேட்டேன். வேர்வையில உப்பு இருக்கு, தோல்ல எண்ணெய் இருக்கு, உலோகத்துக்கு ரெண்டும் ஆகாது. இப்போ என் பொண்ணு மத்தவங்களை மிரட்டறா, அது வேற பிரச்சனை.

உள்ள போனதும்

நேரா கேலரிக்குப் போகாதீங்க. முதல்ல பாத்ரூம். அப்புறம் வளாகத்துல ஒரு பத்து நிமிஷம் ஓட விடுங்க. வெளிய இருக்கற பீரங்கியைச் சுத்தி வரட்டும், சிவப்பா இருக்கற நேஷனல் ஆர்ட் கேலரி கட்டடத்தை அண்ணாந்து பாக்கட்டும், அரண்மனை மாதிரி இருக்கும், ஹென்றி இர்வின் வரைஞ்சது, 1909ல திறந்தது. பசங்களுக்கு அந்தப் பேரெல்லாம் வேணாம், "இந்த வீட்ல யாரு இருந்திருப்பாங்க?"ன்னு கேட்டா போதும், ராஜா ராணி டிராகன்னு எல்லாம் வரும். ஓடின காலுக்குத்தான் கொஞ்சம் நிக்கத் தோணும்.

ஒரு பொருளுக்கு முன்னாடி என்ன பேசறது

இதுதான் விஷயமே. போர்டைப் படிக்காதீங்க. முதல்ல படிக்காதீங்கன்னு சொல்றேன், கடைசியில வேணா படிங்க. போர்டைப் படிச்ச உடனே குழந்தைக்கு "ஓ பதில் அங்க இருக்கு"ன்னு தெரிஞ்சுடும், அப்புறம் பொருளைப் பாக்காது.

மூணு கேள்விதான். இதுல என்ன நடக்குது? எதைப் பாத்து அப்படிச் சொல்றே? வேற என்ன தெரியுது? இது நான் கண்டுபிடிச்சது இல்லீங்க, நியூயார்க் நவீன கலை மியூசியத்துல கல்விப் பிரிவைப் பாத்துக்கிட்ட பிலிப் யெனவைனும், அபிகேல் ஹௌசன்ங்கற மனோதத்துவ ஆய்வாளரும் சேந்து உருவாக்கின முறை. கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆனா ரெண்டாவது கேள்வியில விஷயம் இருக்கு, "எதைப் பாத்து சொல்றே"ன்னு கேட்டதும் குழந்தை திரும்பவும் பொருளைப் பாத்தே ஆகணும். தப்பா சொன்னாலும் உடனே திருத்தாதீங்க. எனக்கு இதுதான் ரொம்ப கஷ்டம், நாக்கு நுனியில பதில் நிக்கும், கடிச்சிட்டு நிப்பேன்.

அமராவதி சிற்பங்கள் இருக்கற இடத்துல ஒரு உதாரணம் சொல்றேன். ஆந்திராவுல கிருஷ்ணா நதிக்கரையில இருந்த பெரிய புத்த ஸ்தூபியோட கற்கள், வெளிறின சுண்ணாம்புக் கல்லு, கிட்டத்தட்ட 1800 வருஷம் முன்னாடி செதுக்கினது. 1845ல வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினாரு, அதுல ஒரு பகுதி லண்டன் போச்சு, மீதி இங்க. அதுல வட்டமா ஒரு சிற்பம் இருக்கு, யானை இருக்கும். அதைத் தேடிப் புடிங்க.

பொண்ணுகிட்ட "என்ன நடக்குது?"ன்னேன். "ரெண்டு யானை. ஒண்ணு கெட்ட யானை, ஒண்ணு நல்ல யானை." எதைப் பாத்து சொல்றே? "இது ஒரு ஆளைத் தும்பிக்கையால தூக்குது, எல்லாரும் ஓடுறாங்க. அது மண்டி போட்டிருக்கு." வேற என்ன தெரியுது? கொஞ்ச நேரம் குழல் வழியா பாத்தா. "மேல ஜன்னல்ல இருந்து எட்டிப் பாக்கறாங்க. ஒரு அக்கா பயந்து பக்கத்துல இருக்கறவங்களைக் கட்டிப் புடிச்சிருக்கா." அதுக்கப்புறம்தான் சொன்னேன், அது ரெண்டு யானை இல்ல, ஒரே யானைன்னு. நளகிரிங்கற மதம் புடிச்ச யானையை புத்தர் மேல ஏவி விட்டாங்க, தெருவுல எல்லாரையும் மிதிச்சுட்டு வந்துச்சு, புத்தர் முன்னாடி வந்ததும் மண்டி போட்டுடுச்சு. முன்னாடி நடந்ததும் பின்னாடி நடந்ததும் ஒரே வட்டத்துக்குள்ள. அவ வாயைப் பொளந்துட்டா. "காமிக்ஸ்! கட்டம் போடாத காமிக்ஸ்!" நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா அது என் வார்த்தையா போயிருக்கும்.

வெண்கல கேலரி: இங்கதான் அதிக நேரம் குடுங்க

நான் ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா இங்கதான் போவேன். வெளிச்சம் கம்மியா, ஏசி போட்டு இருக்கும், சின்னப் பசங்க தானா குரலைத் தாழ்த்திப்பாங்க.

போன உடனே ஒரு கேள்வி வரும், வரலைன்னா ஆச்சரியம். "சாமிக்கு ஏன் டிரஸ் இல்ல? மாலை இல்ல?" என் அத்தையும் முதல் தடவை வந்தப்ப வாசல்லயே செருப்பைக் கழட்டப் போயிட்டாங்க. இதை மழுப்பாம பேசுங்க. கோயில்ல உற்சவரைப் பட்டும் பூவும் மூடியிருக்கும், நம்ம கண்ணுக்கு முகம் மட்டும்தான் தெரியும். செஞ்ச ஸ்தபதி என்னெல்லாம் பண்ணியிருக்காருன்னு, இடுப்பு மடிப்பு வரைக்கும், இங்கதான் பாக்க முடியும். இதுல நிறைய சிலைங்க மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சது. சண்டைக் காலத்துல பாதுகாப்புக்குன்னு புதைச்சு வெச்சாங்க, புதைச்சவங்க போயிட்டாங்க, பல நூறு வருஷம் கழிச்சு யாரோ வயல் உழும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏர் முனையில, கடப்பாரையில தட்டுப்படும். 1878ல வந்த புதையல் சட்டப்படி அது சர்க்காருக்கு வந்துடும். ஏழு வயசுப் பொண்ணுக்கு சட்டம் வேணாம், "புதையல்"ங்கற ஒரு வார்த்தை போதும். கும்பிடணும்னு தோணினா கும்பிடட்டும், யாரும் தடுக்கப் போறதில்ல.

அப்புறம் நான் விளையாடற விளையாட்டுங்க:

கையை எண்ணு. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர்கிட்ட நிறுத்தி "எத்தனை கை?"ன்னு கேளுங்க. சாமிக்கு ரெண்டு இல்ல நாலு கைன்னுதான் பசங்க நினைச்சிருப்பாங்க. இதுல மூணு! வலது பக்கம் சிவன், அதனால ரெண்டு கை, இடது பக்கம் பார்வதி, ஒரு கை. அதுக்கப்புறம் மேல இருந்து கீழ வரைக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கறதா நினைச்சுக்கிட்டு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்னன்னு அவங்களே சொல்லிட்டே போவாங்க. இடுப்பு ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும், துணி ஒரு பக்கம் நீளம். என் பையன் சொன்னது: "பாதி அப்பா, பாதி அம்மா. சண்டை வந்தா எப்படிப் போவாங்க?" என்கிட்ட பதில் இல்ல.

இல்லாததைக் கண்டுபிடி. வடக்குப்பனையூர்ல கிடைச்ச ராமர், லட்சுமணர், சீதை சிலைங்க இருக்கு. ராமர் கையைப் பாருங்க, எதையோ புடிச்சிட்டு இருக்கற மாதிரி இருக்கும், கையில ஒண்ணும் இருக்காது. "என்ன இருந்திருக்கும்?" பையன் முதல்ல "செல்ஃபி ஸ்டிக்"னான். சரி, அதே மாதிரி நீ நின்னு காட்டுன்னேன், நின்னான், கையைப் பாத்தான், "வில்லு!"ன்னான். உடம்பால செஞ்சு பாத்தா மண்டையில ஏறுது.

ஓட்டையைத் தேடு. இது எனக்கு ரொம்பப் புடிச்சது, பெரியவங்களே கவனிக்க மாட்டாங்க. சிலைங்களோட பீடத்தைப் பாருங்க, பக்கவாட்டுல ஓட்டை இல்லேன்னா வளையம் இருக்கும். எதுக்கு? பசங்க சொன்ன பதில்: எலி போறதுக்கு, தண்ணி போறதுக்கு, காசு போடறதுக்கு. "நம்ம ஊர் திருவிழாவுல சாமி எப்படி தெருவுக்கு வந்துச்சு?"ன்னு ஒரு குறிப்பு குடுத்தேன். பொண்ணு யோசிச்சா, தோள்ல ஏதோ தூக்கற மாதிரி கையை வெச்சா, "கட்டை! கட்டை சொருகித் தூக்குவாங்க!" ஆமா. இது நிக்கறதுக்காக மட்டும் செஞ்ச சிலை இல்ல, ஊர்வலம் போறதுக்காக செஞ்சது. கட்டையோ கம்பியோ நுழைக்கவும் கயிறு கட்டவும்தான் அந்த ஓட்டையும் வளையமும். அன்னிக்கு மீதி நேரம் பூரா ரெண்டு பேரும் குனிஞ்சு பீடத்தை மட்டும்தான் பாத்தாங்க, நடராஜர் முகத்தை யாரும் பாக்கல. பரவால்ல.

நடராஜர்னா திருவாலங்காட்டு நடராஜரைத் தேடுங்க. சுத்தி நெருப்பு வளையம் இல்லாம இருக்கும், திருவாசி இல்ல. அதனால உடம்பு அசையறது இன்னும் நல்லா தெரியும். ஒரு கையில உடுக்கை, ஒரு கையில தீ, ஒரு கை "பயப்படாதே", ஒரு கை தூக்கின காலைக் காட்டுது. காலுக்குக் கீழ முயலகன்ங்கற குள்ள அசுரன். பசங்க நேரா முயலகன்கிட்டதான் போவாங்க, அவங்க உயரத்துக்கு அவன்தானே இருக்கான்.

"ஆயிரம் வருஷம்"னா குழந்தைக்கு ஒண்ணும் புரியாது, நேத்துக்கும் ஆயிரம் வருஷத்துக்கும் வித்தியாசம் கிடையாது அதுங்களுக்கு. நான் பாட்டிக் கணக்கு சொல்வேன். நீ, அம்மா, பாட்டி, பாட்டியோட அம்மா, அவங்களோட அம்மா... இப்படி ஒரு நாப்பது பேர் கையைக் கோத்துட்டு வரிசையா நின்னா, அந்தக் கடைசிப் பாட்டி இந்தச் சிலை செய்யறதைப் பாத்திருப்பாங்க. தோராயக் கணக்குதான். பசங்க கேலரியோட நீளத்துக்கு நாப்பது பாட்டிங்களை நிக்க வெச்சுப் பாப்பாங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா

திமிங்கல எலும்புக்கூடு, விலங்கியல் பகுதியில. சொல்லவே வேணாம், தானா ஓடுவாங்க. காலடியால அளக்கச் சொல்லுங்க. திமிங்கலத்தோட துடுப்புக்குள்ள நம்ம கை மாதிரியே விரல் எலும்பு உண்டு, அது தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க, "அப்போ மீன் இல்லையா?"ன்னு ஆரம்பிக்கும் பேச்சு, வீடு வரைக்கும் ஓடும்.

கற்கால கருவிங்க. இது சின்னப் பசங்களுக்கு சும்மா கல்லாதான் தெரியும், அஞ்சு வயசுக்குக் கீழ விட்டுடலாம். பெரிய பசங்கன்னா, பல்லாவரத்துல 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடாரியை எடுத்த கதையைச் சொல்லுங்க. நாம ஏர்போர்ட் போற வழியில இருக்கற அதே பல்லாவரம். அவரு சேத்த கருவிங்க இந்த மியூசியத்துக்குத்தான் வந்துச்சு. திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்துல கிடைச்ச கருவிங்க சுமார் 15 லட்சம் வருஷம் பழசு, அதுக்கு பாட்டிக் கணக்கு போட முடியாது, முயற்சி பண்ணாதீங்க.

ஆதிச்சநல்லூர் பொருளுங்களும் இருக்கு. தாழி, அதாவது அந்தக் காலத்துல செத்தவங்களை வெச்சுப் புதைச்ச பெரிய பானை, அதைப் பத்தி பேசினா "உள்ள செத்தவங்களா?"ன்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிடுங்க. "அவங்களைப் பத்திரமா, அவங்களுக்குப் புடிச்ச சாமானோட வெச்சாங்க"ன்னு ஒரு வரி. நாமதான் இதுக்கு நெளியறோம், பசங்க "சரி"ன்னுட்டு அடுத்த பொட்டிக்குப் போயிடுவாங்க.

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தா "எனக்கும் தெரியலையே, வா கேப்போம்"னு அங்க இருக்கற ஊழியர்கிட்ட குழந்தையையே கேக்க விடுங்க. பெரியவங்க கேட்டா ஒரு வார்த்தையில சொல்றவங்க, குழந்தை கேட்டா எழுந்து வந்து காட்டுவாங்க.

வரையறது

ஒவ்வொரு பொருளையும் வேணாம், கடைசி ஒண்ணை மட்டும். தரையில உக்காந்துக்குங்க, நடக்கற வழியை மறிக்காம. அஞ்சு நிமிஷம். நோட்டைப் பாக்காம பொருளை மட்டும் பாத்து வரையச் சொல்லுங்க, கோணல்மாணலா வரும், எல்லாருக்கும் அப்படித்தான் வரும், அதனால "எனக்கு வரையத் தெரியாது"ங்கற அழுகை வராது. நீங்களும் வரைங்க. போனை எடுத்து அறுபது போட்டோ எடுக்கறதுக்கு இது மேல, எடுத்த அறுபதையும் யாரும் திரும்பிப் பாக்கப் போறதில்ல. போட்டோ எடுத்தே ஆகணும்னா கேமராவுக்கு தனி கட்டணம் உண்டான்னு கவுன்டர்ல கேட்டுக்குங்க, ஃபிளாஷ் போடாதீங்க.

கிளம்பற நேரம்

குழந்தை தரையில படுத்துடுச்சுன்னா ஏற்கெனவே லேட். அதுக்கு முன்னாடி அறிகுறி வரும். என் பையன் சுவரைத் தடவிட்டே நடக்க ஆரம்பிப்பான், பொண்ணு "இன்னும் எத்தனை?"ன்னு கேப்பா. அந்த நிமிஷமே வெளிய. பாதியில விட்டுட்டு வந்தா தப்பில்ல, "மீதி அடுத்த தடவை"ன்னு சொல்லிட்டு மரத்தடியில உக்காந்து முறுக்கு சாப்பிடுங்க. "என்ன கத்துக்கிட்டே?"ன்னு பரீட்சை மட்டும் வைக்காதீங்க. நான் கேக்கறது, "இங்க இருந்து ஒண்ணை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்னா எதை எடுப்பே, எங்க வெப்பே?" பையன் திமிங்கலத்தை பால்கனியில வெப்பானாம்.

வீட்டுக்கு வந்தப்புறம்

அன்னிக்கே வேணாம், ரெண்டு மூணு நாள் கழிச்சு. வெண்கலச் சிலை எப்படிச் செய்யறாங்கன்னு பேச்சு வந்துச்சு எங்க வீட்ல. சுவாமிமலையில இன்னிக்கும் அதே முறைதான்: தென்னை ஓலைக்கீற்றை மடிச்சு மடிச்சு அளவு குறிச்சு, மெழுகுல உருவம் செஞ்சு, அது மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய வெச்சு, சூடு பண்ணா மெழுகு உருகி ஓடிடும், உள்ள வெற்றிடம், அதுல உருக்கின உலோகத்தை ஊத்தி, ஆறினதும் மண்ணை உடைச்சா சிலை. அச்சு உடைஞ்சு போயிடறதால ஒவ்வொரு சிலையும் ஒண்ணே ஒண்ணுதான்.

மெழுகும் நெருப்பும் சின்னப் பசங்களுக்கு ஆபத்து, அதனால நான் வெண்ணெய்ல பண்ணேன். ஃபிரிட்ஜ்ல வெச்ச வெண்ணெய்க் கட்டியில பொண்ணு ஒரு மீன் செஞ்சா. அதைச் சுத்தி களிமண் பூசி, ஒரு ஓட்டை விட்டு, ஓட்டை கீழ பாக்கற மாதிரி கிண்ணத்து மேல கவுத்து மொட்டை மாடி வெயில்ல வெச்சோம். சென்னை வெயிலுக்கு ஒரு மணி நேரத்துல வெண்ணெய் ஒழுகி வந்துடுச்சு. களிமண் நல்லா காய ரெண்டு நாள் விடணும், நாங்க விடல. அவசரப்பட்டு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைச்சு ஊத்தினா, அச்சு ஒரு பக்கம் விரிஞ்சிடுச்சு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைன்னு சொல்வாங்களே, எங்க வீட்ல நிஜமாவே நடந்துச்சு. மீனு கொழுக்கட்டை மாதிரி வந்துச்சு, அத்தை வெண்ணெய் வீணாப் போச்சேன்னு ஒரு வாரம் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா அடுத்த தடவை மியூசியம் போனப்ப பொண்ணு நடராஜர் விரலுக்கு நடுவுல இருக்கற இடைவெளியைக் காட்டி "இங்கெல்லாம் மண்ணு எப்படிம்மா பூசினாங்க, உடையாம?"ன்னு கேட்டா. அந்தக் கேள்விக்கு அரைக் கிலோ வெண்ணெய் போலாம்.

அடுத்து எங்க

ரெண்டு மாசம் கழிச்சு அதே இடத்துக்குத் திரும்பப் போங்க. புது இடம் காட்டணும்னு அவசரமே இல்ல, தெரிஞ்ச இடத்துல பசங்க ராஜா. எங்க பொண்ணு போன தடவை தாத்தாவைக் கூட்டிட்டுப் போய் நேரா பீடத்துக்கிட்ட உக்கார வெச்சு "இந்த ஓட்டை எதுக்குன்னு சொல்லு பாப்போம்"னா. தாத்தா தோத்துட்டாரு, இல்ல தோத்த மாதிரி நடிச்சாரு.

மதுரை, சிவகங்கை பக்கம் இருக்கறவங்களுக்கு கீழடி. 2023ல திறந்த மியூசியம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்காங்க, பகடைக்காயும் வட்டச் சில்லும் பசங்களை அப்படியே புடிச்சு வெச்சுக்கும், பானை ஓட்டுல "ஆதன்"னு கீறியிருக்கறதைக் காட்டிட்டு வீட்டுக்கு வந்து உடைஞ்ச தொட்டியில அவங்க பேரைக் கீற விடுங்க. தஞ்சாவூர்க்காரங்களுக்கு அரண்மனைக்குள்ளயே கலைக்கூடம், வெண்கலத்துல எழும்பூருக்கு சளைச்சது இல்ல. ஓடியாடற வயசுன்னா முட்டுக்காடு தக்ஷிணசித்ரா, வீட்டுக்குள்ளயே புகுந்து வரலாம், திண்ணையில உக்காரலாம், "தொடாதே" கம்மி.

எழும்பூர்தான்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை காலண்டரைப் பாத்துக்குங்க. வெள்ளிக்கிழமை இல்லையே?